அனுமதி மறுக்கப்பட்டது: யாருக்கு, எந்த வாசலில்?

டெர்மினலில் ஓட்டிப் பார்த்தால் ஸ்கிரிப்ட் அழகாக ஓடுகிறது. அதையே பிரவுசரில் கூப்பிட்டால் 403 (அனுமதி இல்லை) என்றோ 500 (சர்வரில் பிழை) என்றோ ஒரு வெற்றுப் பக்கம் வந்து நிற்கிறது. சர்வர் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் எரர் லாகைத் திறந்தால் 'பெர்மிஷன் டினைட்' என்று இரண்டே வார்த்தை. வெப் சர்வரைக் கையாள்கிற எவரும் என்றைக்காவது ஒரு நாள் இங்கே வந்து மாட்டிக்கொண்டிருப்பார்கள். தேடிப் பார்த்தால் முதலில் கண்ணில் படும் மருந்து, கோப்பின் அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையில் 777. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று கதவை அகலத் திறந்துவிடும் கட்டளை அது. சில நேரம் பிழை போய்விடும், சில நேரம் போகாது. இன்னும் சில நேரம், அதைப் போட்டதால்தான் புதிதாகப் பிழையே முளைக்கும். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

லினக்ஸின் அனுமதி விதிகள் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளக் கூடியவைதான். அப்படியிருந்தும் இந்தப் பிழையில் நாள் கணக்கில் நேரம் போவதற்குக் காரணம், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பதை முழு வாக்கியமாக எடுத்துக்கொள்வது. யாருக்கு மறுக்கப்பட்டது, பாதையில் எந்த இடத்தில், என்ன செய்யப் போனபோது, மறுத்தது யார் என்ற நான்கும் அதில் விடுபட்டிருக்கின்றன. இந்த நான்கையும் நிரப்பிவிட்டால் திருத்தம் பெரும்பாலும் ஒரே கட்டளையில் முடிந்துவிடும். நிரப்பாமல் கட்டளை கொடுப்பது இருட்டில் சாவி தேடுகிற மாதிரி.

யாருக்கு?

முதல் கேள்வியிலேயே பலர் வழுக்குகிறார்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் நுழையும்போது நாம் நம் பெயரில் இருக்கிறோம். பிரவுசரிலிருந்து கோரிக்கை வரும்போது ஸ்கிரிப்டை ஓட்டுவது வெப் சர்வர், அதன் பெயரில். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர்கள் வழக்கமாக ரூட்டாகத்தான், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராகத்தான், எழுந்திருக்கும். 80, 443 போல 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைப் பிடிக்க அந்த அதிகாரம் தேவைப்படுகிறது. பிடித்த கையோடு, கோரிக்கைகளைக் கவனிக்கும் துணை ப்ராசஸ்களை (ஓடும் நிரல்களை) அதிகாரம் குறைந்த ஒரு பயனராக இறக்கிவிடும். டெபியன், உபுண்டுவில் அந்தப் பயனரின் பெயர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. ரெட் ஹேட், ஃபெடோரா பக்கம் அப்பாச்சி சர்வருக்கு அப்பாச்சி என்ற பயனரே. பிஎச்பியைத் தனியாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் இருந்தால் இன்னொரு அடுக்கும் உண்டு: படங்களையும் சிஎஸ்எஸ் கோப்புகளையும் படித்துக் கொடுப்பது வெப் சர்வரின் பயனர், பிஎச்பியை ஓட்டுவது அதன் பூலுக்கு (ப்ராசஸ் தொகுப்புக்கு) ஒதுக்கிய பயனர். இரண்டும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

அதனால் 'எனக்கு ஓடுகிறதே' என்பது சான்றே ஆகாது. ரூட்டாக ஓட்டிப் பார்த்தது அதைவிடப் பலவீனமான சான்று. சாதாரண அனுமதி பிட்டுகளைப் பொறுத்தவரை ரூட் படிப்பதையும் எழுதுவதையும் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) தடுப்பதே இல்லை. பிஎஸ் ஏயுஎக்ஸ் கட்டளையில் ப்ராசஸ் பட்டியலை எடுத்து, முதல் நெடுவரிசையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், வேறொரு பயனராகக் கட்டளை ஓட்டும் சூடோவில் மைனஸ் யு கொடுத்து அந்தப் பயனராகவே ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். பிரவுசரில் வந்த அதே பிழை டெர்மினலிலேயே கண்முன் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டெர்மினலில் கட்டளைகளை ஓட்டும் ஷெல் திருப்பித் தரும் எண்ணும் பேசும்: 126 என்றால் கோப்பு கிடைத்தது, ஓட்ட முடியவில்லை, 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று. வெப் சர்வரின் பயனரை ஒரு குழுவில் புதிதாகச் சேர்த்திருப்பீர்கள். ஐடி கட்டளையும் சேர்ந்துவிட்டதாகக் காட்டும். ஆனால் பிழை அப்படியே நிற்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் தான் பிறந்தபோது இருந்த குழுக்களோடுதான் கடைசி வரை வாழ்கிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிய குழு அதற்குப் பொருந்தும்.

எந்த இடத்தில்?

அனுமதியின் அடிப்படை எளிது. 1969-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸிலிருந்து வந்த முறை இது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, அப்புறம் மற்ற எல்லோரும். ஒவ்வொருவருக்கும் படிக்க 4, எழுத 2, ஓட்ட 1 (இதுதான் எக்ஸ் பிட்). கூட்டினால் 755, 644 போன்ற எண்கள் கிடைக்கும். பலர் கவனிக்காத விதி ஒன்று இதில் உண்டு. கெர்னல் மூன்றையும் கூட்டிப் பார்ப்பதில்லை, முதலில் பொருந்துகிற வகுப்போடு நின்றுவிடும். நீங்கள் உரிமையாளர் என்றால் உரிமையாளருக்கான பிட்டுகள் மட்டுமே கணக்கு. ஒரு கோப்பின் அனுமதி 077 என்று இருந்தால் ஊரார் எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் படிக்க முடியாது.

கோப்புறைக்கு இந்த மூன்றும் வேறு பொருள் தருகின்றன. படிக்கும் அனுமதி இருந்தால் உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். எழுதும் அனுமதி இருந்தால் உள்ளே புதிதாக உருவாக்கலாம், அழிக்கலாம், பெயர் மாற்றலாம். எக்ஸ் பிட் இருந்தால் அதன் வழியாக உள்ளே போகலாம். இதற்கு 'சர்ச் பெர்மிஷன்' என்று பெயர். ஒரு கோப்பை அடைய, வேரிலிருந்து (/) அது வரை பாதையில் உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் இந்த எக்ஸ் வேண்டும். கடைசிக் கோப்பு 777 ஆக இருந்தாலும், நடுவில் ஒரு கோப்புறை வழிவிடவில்லை என்றால் அவ்வளவுதான். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தெருவின் கேட்டைப் பூட்டி வைத்த கதை.

ஒரு முறை ஒரு தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றினேன். கோப்புகள் 644, கோப்புறைகள் 755, உரிமையாளர் சரி, எல்லாமே சரி. ஆனாலும் 403. இரண்டு மணி நேரம் அந்த ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். தளம் இருந்ததோ ஒரு பயனரின் ஹோம் கோப்புறைக்குள். பழைய சர்வரில் அந்த ஹோம் 755, புதியதில் 750. உபுண்டு 21.04-லிருந்து புதிய பயனர்களின் ஹோம் கோப்புறையை 750 ஆகவே உருவாக்குகிறது. மற்றவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக எடுத்த நல்ல முடிவு அது. ஆனால் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவும் அந்த 'மற்றவர்களில்' ஒருவர்.

அன்றைக்கு நேம்ஐ என்ற சிறிய கட்டளையை அறிந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பேன். மைனஸ் எல் சேர்த்து முழுப் பாதையையும் கொடுத்தால், வேரிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டிவிடும். எங்கே எக்ஸ் இல்லையோ அங்கே கண் தானாக நிற்கும். சொல்லப்போனால் அப்பாச்சியின் லாகே இதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தது: பாதையின் ஏதோ ஒரு பகுதியில் சர்ச் பெர்மிஷன் இல்லை என்று. நான்தான் வரியின் தொடக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேலே போகாமல் இருந்துவிட்டேன். இத்தகைய இடத்தில் ஹோமுக்கு 'மற்றவர்களுக்கு எக்ஸ் மட்டும்' கொடுத்தால் போதும், அதாவது 751. இன்னும் கறாராக இருக்க வேண்டுமென்றால் செட்எஃப்ஏசிஎல் கொண்டு வெப் சர்வரின் பயனருக்கு மட்டும் எக்ஸ் கொடுக்கலாம். எனக்குப் பிடித்த வழி தளத்தை ஹோமிலிருந்தே வெளியே கொண்டு வந்து /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ போன்ற இடத்தில் வைப்பது.

என்ன செய்யப் போனபோது?

ஓட்டுவது என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. பிஎச்பி கோப்பை யாரும் நேரடியாக ஓட்டுவதில்லை. பிஎச்பி இன்டர்ப்ரெட்டர் (நிரலைப் படித்து ஓட்டுவது) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அது கோப்பைத் திறந்து படிக்கிறது. ஆகவே பிஎச்பி கோப்புக்கு எக்ஸ் பிட் தேவையே இல்லை, 644 தாராளம். பிஎச்பி கோப்பு ஓடவில்லை என்று 755 போடுபவர்கள் சம்பந்தமில்லாத கதவைத் தட்டுகிறார்கள்.

சிஜிஐ வேறு. 1993-ல் என்சிஎஸ்ஏ வட்டாரத்தில் உருவான அந்தப் பழைய முறை இன்றும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. அங்கே வெப் சர்வர் ஸ்கிரிப்டைத் தனி நிரலாகவே கிளப்புகிறது. எக்ஸ் பிட் கட்டாயம். அதோடு படிக்கும் அனுமதியும் கட்டாயம், ஏனென்றால் முதல் வரியில் குறிப்பிட்ட பெர்லோ பைத்தானோ கோப்பைத் திறந்து படித்தாக வேண்டும். கம்பைல் செய்த நிரலுக்கு எக்ஸ் மட்டும் இருந்தாலே போதும். ஸ்கிரிப்டுக்கு இரண்டும் வேண்டும்.

இந்த எக்ஸ் பிட் வழியில் தொலைந்து போவதும் சகஜம். விண்டோஸின் கோப்பு முறையில் அப்படி ஒரு பிட்டே இல்லை. அங்கே எழுதிய ஸ்கிரிப்டை எஃப்டிபியில் ஏற்றினால் எக்ஸ் இல்லாமல்தான் வந்து சேரும். நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் எக்ஸ் பிட்டை நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் விண்டோஸில் சேர்த்த கோப்பை 644 ஆகவே பதிந்துகொள்ளும். சர்வரில் ஒவ்வொரு டிப்ளாய்க்கும் (புதிய நிரலை ஏற்றுவதற்கும்) பிறகு சிஎச்மோட் போட்டுக்கொண்டிருப்பதைவிட, கிட்டின் அப்டேட்-இன்டெக்ஸ் கட்டளையில் எக்ஸ் பிட்டை ஒரு முறை பதிந்து கமிட் செய்வது நிம்மதி.

அனுமதிப் பிழை மாதிரி நடித்து ஏமாற்றுகிற ஒன்று வரி முடிவுக் குறி. விண்டோஸ் எடிட்டர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடுதலாக வைக்கிறது. முதல் வரியில் இருக்கும் இன்டர்ப்ரெட்டர் பெயரோடு அது ஒட்டிக்கொள்ள, அப்படி ஒரு பெயரில் நிரல் இல்லை என்று கெர்னல் சொல்லிவிடும். லாகில் 'அப்படிக் கோப்பு இல்லை' என்று ஸ்கிரிப்டின் பெயரே வந்து நிற்கும். ஸ்கிரிப்டோ கண்முன்னே இருக்கும். எத்தனை சிஎச்மோட் போட்டாலும் இது தீராது. டாஸ்2யூனிக்ஸ் கட்டளை ஒரு நொடியில் தீர்த்துவிடும்.

எழுதும் அனுமதியிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே கோப்பில் இயங்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டைப் பயன்படுத்துபவர்கள் இதில் அடிக்கடி சிக்குவார்கள். டேட்டாபேஸ் கோப்பு வெப் சர்வரால் எழுதக்கூடியதாகவே இருக்கும், ஆனால் எழுத முடியவில்லை என்று பிழை வரும். எஸ்க்யூலைட் எழுதும்போது பக்கத்திலேயே ஒரு ஜர்னல் கோப்பை உருவாக்குகிறது. ஆகவே கோப்போடு அது இருக்கும் கோப்புறைக்கும் எழுதும் அனுமதி வேண்டும். தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டுப் பெயர் மாற்றுகிற எல்லா நிரல்களுக்கும் இதே கதைதான். ஒரு கோப்பை அழிப்பதுகூடக் கோப்புறையின் அனுமதியைப் பொறுத்ததே தவிரக் கோப்பின் அனுமதியைப் பொறுத்ததல்ல.

மறுத்தது யார்?

இதுதான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் கேள்வி. மறுப்பு எல்லாம் கெர்னலிடமிருந்து வருவதில்லை. வெப் சர்வரே தன் கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்பை)ப் பார்த்து மறுக்கலாம். இரண்டையும் பிரித்தறிய அப்பாச்சி லாகில் ஓர் அருமையான அடையாளம் இருக்கிறது: அடைப்புக்குறிக்குள் வரும் எண். 13 என்று இருந்தால் அது கெர்னல் சொன்ன மறுப்பு. 2 என்றால் கோப்பு இல்லை. 8 என்றால் ஓட்டக்கூடிய வடிவத்தில் இல்லை. முதல் வரியில் இன்டர்ப்ரெட்டர் குறிப்பே இல்லாதபோதும், கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மறை எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும்போதும் இது வரும். எண்ணே இல்லாமல் 'கிளையன்ட் டினைட் பை சர்வர் கான்ஃபிகரேஷன்' என்று இருந்தால் அது அப்பாச்சியின் சொந்த முடிவு. அங்கே சிஎச்மோடுக்கு வேலை இல்லை, 'ரெக்வயர் ஆல் கிரான்டட்' போன்ற வரி கான்ஃபிக்கில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அப்பாச்சி 2.2-லிருந்து 2.4-க்கு மாறியபோது இந்த விதிகளின் எழுத்துமுறையே மாறியது. பழைய கான்ஃபிக்கை அப்படியே எடுத்து வந்தவர்கள் பலர் இங்கே 403 வாங்கினார்கள். 'எக்செக்சிஜிஐ இந்தக் கோப்புறையில் ஆஃப்' என்று லாக் சொன்னாலும் அதுவும் கான்ஃபிக்தான்.

777 போட்டதால் பிழை வரும் என்று தொடக்கத்தில் சொன்னேன் இல்லையா, அதற்கான இடம் இது. அப்பாச்சி 1.2-ல், 1997-ல், சூஎக்செக் என்ற ஏற்பாடு வந்தது. ஒரே சர்வரில் பல பேருடைய தளங்கள் இருக்கும்போது ஒவ்வொருவரின் சிஜிஐ ஸ்கிரிப்டும் அவரவர் பெயரிலேயே ஓடட்டும் என்பதற்காக. வேறொருவரின் பெயரில் ஒரு நிரலை ஓட்டுவது ஆபத்தான காரியம். அதனால் ஓட்டும் முன் அது நீண்ட பரிசோதனை நடத்துகிறது. அவற்றில் ஒன்று: இந்தக் கோப்பையோ இது இருக்கும் கோப்புறையையோ உரிமையாளரைத் தவிர யாராவது மாற்ற முடியுமா? முடியும் என்றால் ஓட்ட மறுத்துவிடும். 777 மட்டுமல்ல, குழுவுக்கு எழுதும் அனுமதி கொடுத்த 775-ஐக்கூட அது ஏற்காது. பிரவுசரில் தெரிவது வெறும் 500. காரணம் சூஎக்செக்கின் தனி லாகில் இருக்கும். பகிர்வு ஹோஸ்டிங்கில் சிஜிஐ ஓடவில்லை என்று அனுமதியை மேலும் மேலும் கூட்டுகிறவர்கள், உண்மையில் அதை 755-க்குக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

என்ஜின்எக்ஸும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் சேர்ந்த இடத்தில் வேறொரு முகம். பிரவுசரில் 502 (பின்னால் இருக்கும் நிரலோடு பேச முடியவில்லை) வரும்; என்ஜின்எக்ஸ் லாகில் ஒரு சாக்கெட்டைத் தொட முடியவில்லை, 13 என்று இருக்கும். இரண்டும் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட்டும் ஒரு கோப்புதான், அதற்கும் அனுமதி உண்டு. முன்பு அது 0666 ஆக, யாரும் தொடக்கூடியதாக இருந்தது. அது பாதுகாப்புக் குறையாகக் கண்டறியப்பட்டு, 2014-ல் வந்த பிஎச்பி 5.4.28, 5.5.12 பதிப்புகளில் 0660 ஆக இறுக்கப்பட்டது. இப்போது எஃப்பிஎம் பூல் கான்ஃபிக்கில் சாக்கெட்டின் உரிமையாளரோ குழுவோ என்ஜின்எக்ஸ் ஓடும் பயனரோடு பொருந்த வேண்டும்.

அப்புறம் எஸ்இலினக்ஸ். அமெரிக்காவின் என்எஸ்ஏ 2000-ல் வெளியிட்டு, 2003-ல் லினக்ஸ் 2.6 கெர்னலோடு சேர்ந்த பாதுகாப்பு அடுக்கு. ரெட் ஹேட் குடும்பத்தில் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். சாதாரண பிட்டுகள் எல்லாம் சரி என்று சொன்ன பிறகும் இது தனியாக ஒரு முறை கேட்கும்: இந்த வகை ப்ராசஸ் இந்த வகைக் கோப்பைத் தொடலாமா? கோப்பின் பெயர், உரிமையாளர் எல்லாம் இதற்கு முக்கியமில்லை. கோப்பில் ஒட்டியிருக்கும் லேபிள்தான் முக்கியம். எல்எஸ் கட்டளையில் பெரிய இசட் போட்டால் அந்த லேபிள் தெரியும்.

இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, ஹோமில் தயாரித்த கோப்பை எம்வி கட்டளையால் வெப் கோப்புறைக்கு நகர்த்துவது. நகர்த்தும்போது கோப்பு தன் பழைய ஹோம் லேபிளோடு வரும். சிபி கொண்டு நகலெடுத்தால் போய்ச் சேரும் கோப்புறையின் லேபிளைப் பெற்றுக்கொள்ளும். பார்வைக்கு இரண்டு கோப்புகளும் ஒன்றே. ஒன்று திறக்கும், மற்றது 403. ரெஸ்டோர்கான் கட்டளை லேபிளைச் சரிப்படுத்திவிடும். வழக்கத்துக்கு மாறான இடத்தில் தளத்தை வைத்திருந்தால், முதலில் செமேனேஜ் மூலம் அந்த இடத்துக்கான விதியைப் பதிந்துவிட்டு அப்புறம் ரெஸ்டோர்கான். சிகான் மட்டும் போட்டால் இன்றைக்கு வேலை செய்யும். அடுத்த முறை லேபிள்கள் புதுப்பிக்கப்படும்போது பழையபடி ஆகிவிடும். ஸ்கிரிப்ட் வேறொரு இயந்திரத்தில் உள்ள டேட்டாபேஸையோ ஏபிஐயையோ தொடர்புகொள்ளப் போய் 'பெர்மிஷன் டினைட்' வாங்குவதும் பெரும்பாலும் இங்கேதான். நெட்வொர்க்கில் அனுமதி எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம். வெப் சர்வர் வெளியே பேசலாமா என்பதற்கு எஸ்இலினக்ஸில் தனி பூலியன் (ஆன்/ஆஃப் சுவிட்ச்) ஒன்று இருக்கிறது, இயல்பில் அது ஆஃப்.

முன்னே சொன்ன சூடோ சோதனைக்கு ஒரு வரம்பும் இங்கே இருக்கிறது. சூடோவில் நாம் அந்தப் பயனரின் பெயரை எடுத்துக்கொள்கிறோமே தவிர, வெப் சர்வருக்கு எஸ்இலினக்ஸ் போட்டிருக்கும் வேலியை எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே சூடோவில் ஓடி, பிரவுசரில் ஓடாவிட்டால் சந்தேகம் நேராக எஸ்இலினக்ஸ் பக்கம் திரும்ப வேண்டும். ஆடிட் லாகில் ஏவிசி என்று தொடங்கும் மறுப்பு வரிகளைத் தேடுங்கள். செட்என்ஃபோர்ஸ் 0 போட்டு, அதாவது எஸ்இலினக்ஸ் தடுக்காதபடி வைத்து, ஒரு நிமிடம் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. சோதித்ததும் உடனே 1-க்குத் திருப்பிவிடுங்கள். 'முதல் வேலையாக எஸ்இலினக்ஸை நிறுத்து' என்று சொல்லும் குறிப்புகளை நான் ஏற்பதில்லை. வெப் ஸ்கிரிப்டில் ஓட்டை விழுந்தாலும் சேதம் பரவாமல் காப்பது இந்த அடுக்குதான்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ் பிட் இருந்தும் ஓடவில்லை, ஆனால் பெர்லுக்கோ பைத்தானுக்கோ கோப்பைக் கொடுத்தால் ஓடுகிறது என்றால், வட்டின் அந்தப் பகுதி நோஎக்செக் (எதையும் நேரடியாக ஓட்டக் கூடாது) என்று மவுன்ட் ஆகியிருக்கலாம். 13-க்குப் பதில் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வந்தால் அது வேறு பிழை, எண் 1. ரூட்டாலேயே மாற்ற முடியாதபடி கோப்பில் சிஎச்ஏடிடிஆர் பூட்டு விழுந்திருக்கிறதா என்று எல்எஸ்ஏடிடிஆர் காட்டும். கன்டெய்னரில் (தனியாகப் பிரித்த சூழலில்) ஓட்டினால் பெயர்களை நம்பாதீர்கள், எண்களைப் பாருங்கள். கெர்னலுக்குப் பயனரின் எண்தான் தெரியும். உள்ளே 33 என்ற எண் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாக இருக்கலாம், வெளியே அதே எண் வேறு யாராகவோ இருக்கலாம்.

777 ஏன் கூடாது

பிழை போய்விட்டால் அப்புறம் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 777 என்றால் அந்த இயந்திரத்தில் ஓடும் எந்த ப்ராசஸும் உங்கள் ஸ்கிரிப்டை மாற்றி எழுதலாம். ஒரே சர்வரில் இருக்கும் பக்கத்துத் தளம் ஒன்று உடைக்கப்பட்டால், உடைத்தவர் உங்கள் கோப்பில் ஒரு வரியைச் சேர்ப்பார். அடுத்த கோரிக்கையில் அந்த வரி உங்கள் பெயரில் ஓடும். ஹோம் கோப்புறைக்கே உள்ளடங்கலாக 777 போட்டவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கும்: மறுபடி எஸ்எஸ்எச் செய்தால் அவர்களுடைய சாவியைச் சர்வர் ஏற்காது. மற்றவர்கள் எழுதக்கூடிய ஹோமில் இருக்கும் சாவிக் கோப்பை எஸ்எஸ்எச் இயல்பாகவே நம்புவதில்லை.

மாறாக எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக 644 போடுவதும் விபத்துதான். கோப்புறைகளின் எக்ஸ் பிட்டெல்லாம் பறந்து, தளம் மொத்தமும் 403 ஆகிவிடும். சிஎச்மோடில் பெரிய எக்ஸ் என்று ஓர் எழுத்து இருக்கிறது. கோப்புறைகளுக்கும், ஏற்கெனவே யாருக்காவது எக்ஸ் இருக்கும் கோப்புகளுக்கும் மட்டுமே அது எக்ஸ் கொடுக்கும். மொத்தமாகச் சீர்செய்ய அதுதான் சரியான கருவி.

நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது: நிரல் கோப்புகளின் உரிமையாளர் டிப்ளாய் செய்யும் பயனர், வெப் சர்வருக்குப் படிக்க மட்டும் அனுமதி. எழுத வேண்டிய இடங்கள் மிகச் சிலவே இருக்கும்: பதிவேற்றங்கள், கேஷ், லாக். அவற்றுக்கு மட்டும் வெப் சர்வரின் குழுவைக் கொடுத்து, 2775 என்று முன்னால் ஒரு 2 சேர்த்து விடுங்கள். அந்த 2 இருந்தால் உள்ளே யார் புதிதாகக் கோப்பு உருவாக்கினாலும் அது கோப்புறையின் குழுவையே பெறும். ஆனால் குழுவுக்கு எழுதும் அனுமதி கிடைக்குமா என்பதை உருவாக்குபவரின் யூமாஸ்க் (புதிய கோப்பிலிருந்து நீக்க வேண்டிய அனுமதிகள்) தீர்மானிக்கிறது. 022 இருந்தால் குழு படிக்கத்தான் முடியும். 002 வேண்டும், அல்லது டீஃபால்ட் ஏசிஎல் (கோப்புறைக்குள் புதிதாக உருவாகும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் கூடுதல் அனுமதிப் பட்டியல்) வேண்டும். பதிவேற்றக் கோப்புறைக்குள் பிஎச்பி ஓடாதபடி கான்ஃபிக்கில் தடுத்துவிடுவதும் அவசியம். எழுதக்கூடிய இடத்தில் ஓட்டவும் முடிந்தால் மற்ற ஏற்பாடுகளுக்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு நாள் காலையில் பிழை திரும்பி வந்து நிற்கலாம். நேற்று மாலை வரை ஓடிய தளம். யாரும் எதையும் தொடவில்லை. லாக் கோப்பில் எழுத முடியவில்லை என்று 500. இப்படி வந்தால் முதலில் அந்தக் கோப்பு உருவான நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது நள்ளிரவை ஒட்டி இருக்கும், உரிமையாளர் ரூட் என்று இருக்கும். தளத்தின் ஏதோ ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) ரூட்டின் கிரான்டேபில், அதாவது அந்த வேலைகளின் பட்டியலில், இருக்கிறது. தேதி மாறியதும் அன்றைய லாக் கோப்பை முதலில் தொட்டது அதுதான், கோப்பு ரூட் பெயரில் பிறந்துவிட்டது. காலையில் வந்த வெப் சர்வரால் அதில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அந்தக் கோப்பைச் சிஎச்ஓன் செய்து உரிமையாளரை மாற்றினால் இன்றைய தளம் எழுந்துவிடும், நாளைக் காலை மறுபடி விழும். கிரான் வேலையை வெப் சர்வரின் பயனருடைய கிரான்டேபுக்கு மாற்றுங்கள். பழைய லாகை ஒதுக்கிவைக்கும் லாக்ரொடேட் புதிய கோப்பை உருவாக்குகிறது என்றால் அதன் கான்ஃபிக்கில் க்ரியேட் வரியில் சரியான உரிமையாளரை எழுதுங்கள். டிப்ளாய் ஸ்கிரிப்டில் எங்காவது சூடோவோடு கேஷை முன்கூட்டியே நிரப்பும் கட்டளை இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், அதுவும் இதே மாதிரி ரூட் கோப்புகளை விட்டுச் செல்லும்.